இலவசச் சீட்டு ஏழு கோடி டாலர் ஆன கதை

1961ஆம் ஆண்டு நியூயார்க் நகர சுகாதாரத் துறை, உடல் பருமன் உள்ளவர்களுக்காக ஒரு கிளினிக் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே போனால் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, எவ்வளவு சாப்பிடலாம் என்று எழுதிய ஒரு உணவுச் சீட்டு கிடைக்கும். நகர நிர்வாகம் நடத்தியதால் அதற்குக் காசு கிடையாது.

1978ஆம் ஆண்டு, தக்காளி சாஸுக்குப் பெயர்போன ஹைன்ஸ் கம்பெனி, கிட்டத்தட்ட அந்தச் சீட்டை வைத்தே வளர்ந்த ஒரு நிறுவனத்தை 7 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்த நிறுவனத்தின் பெயர் வெயிட் வாட்சர்ஸ்.

இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்குப் பதினேழே வருடத்தில் ஏழு கோடி டாலர் விலை எப்படி வந்தது? காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது நல்ல கேள்வி. அந்த நிறுவனத்துக்குத் தொழிற்சாலை இல்லை, மருந்துக்கான காப்புரிமை இல்லை. கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவும் பெரிதாக எதுவும் இல்லை. அப்படியானால் அந்த ஏழு கோடி எதற்கு? பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தனி ஆளாக இளைத்தவர்கள்

எடை குறைப்பது பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்பட்டு பெரிய அளவில் பரவிய முதல் பிரசுரங்களில் ஒன்று 1863இல் லண்டனில் வந்தது. எழுதியவர் டாக்டர் அல்ல. வில்லியம் பான்டிங் என்ற, இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழில் செய்தவர். குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாத அளவுக்குப் பருத்திருந்த அவர், ஒரு டாக்டர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் குறைத்து இளைத்தார். அதைச் சின்னப் புத்தகமாக எழுதித் தன் செலவிலேயே அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அவர் பெயரே ஆங்கிலத்தில் எடை குறைப்பதற்கான வினைச்சொல்லாக மாறிவிட்டது!

அப்போது கலோரிக் கணக்கு புழக்கத்தில் இல்லை. 1890களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியர், ஒரு மனிதன் உள்ளே தங்கக்கூடிய அளவுக்கு ஒரு பெட்டி செய்தார். உள்ளே இருப்பவர் சாப்பிடுவார், தூங்குவார், வேலை செய்வார். அவர் உடலிலிருந்து வெளியாகும் வெப்பம் அளக்கப்படும். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கணக்கு அவர் உழைப்பிலிருந்து வந்ததுதான். ஆனால் அட்வாட்டரின் கவலை வேறு. குறைந்த கூலிக்காரன் தன் காசுக்கு அதிக சத்து வாங்குவது எப்படி என்பதே அவர் யோசித்தது.

அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற கலிபோர்னியா பெண் டாக்டர். 1918இல் அவர் எழுதிய புத்தகம் பல லட்சம் பிரதிகள் விற்றது. இனிமேல் ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் பாடம். அவரே ஒரு காலத்தில் குண்டாக இருந்தவர் என்பதால் அவர் பேச்சை மக்கள் கேட்டார்கள்.

பீட்டர்ஸிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. அது முதல் உலகப் போர் சமயம். பெண்கள் சேர்ந்து எடை குறைப்பு வகுப்பு ஆரம்பிக்கலாம், வாரம் ஒருமுறை எல்லோரும் எடை பார்க்கலாம், குறையாதவர்கள் அபராதம் கட்டலாம், அந்தப் பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகட்டும் என்று எழுதினார். ஜெர்மன் சக்கரவர்த்திக்கு எதிரான வகுப்பு என்று அதற்குப் பெயரும் வைத்தார். போர் முடிந்தது. கலோரிக் கணக்கு நிலைத்தது, கூட்டம் சேரும் யோசனையை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மில்வாக்கியில் ஒரு சமையலறை மேசை

கூட்டமாகச் சேர்ந்து ஒரு பழக்கத்தை விடலாம் என்பதை அமெரிக்கர்களுக்குக் காட்டியது குடிப்பழக்கம்தான். 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரான் நகரில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்துப் பேசியதில் ஆரம்பித்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஒரு குடிகாரனின் பேச்சை இன்னொரு குடிகாரன் கேட்பான், டாக்டர் சொன்னால் கேட்காதவன்கூடக் கேட்பான் என்பதே அதன் அடிப்படை.

1948 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற இல்லத்தரசி, தன் சமையலறை மேசையைச் சுற்றி மூன்று தோழிகளை உட்காரவைத்தார். கர்ப்பிணிகளுக்கான வகுப்புக்குப் போனபோது, ஒரே நிலையில் இருக்கும் பெண்கள் சேர்ந்து பேசினால் எவ்வளவு தைரியம் வருகிறது என்று பார்த்திருந்தார். எடைக்கும் அப்படி ஏன் இருக்கக்கூடாது? அப்படிப் பிறந்தது டாப்ஸ் என்ற கிளப். லாபநோக்கம் இல்லாத அமைப்பு. சின்ன சந்தா, வாரம் ஒரு கூட்டம், கூட்டத்தில் எடை பார்ப்பது, அவ்வளவுதான்.

ஆனால் டாப்ஸின் ஆரம்ப காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எடை குறைத்தவருக்குக் கைதட்டல், எடை கூடியவருக்குக் கேலி. பல கிளப்களில் கூடியவர்களைப் பன்றி என்று சொல்லிப் பாட்டுப் பாடுவார்கள். விளையாட்டுதான். ஆனால் குண்டாக இருப்பவர் ஊரில் கேட்கும் கேலி போதாதென்று, உதவிக்காக வந்த இடத்திலும் கேட்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் நியூயார்க்கிலிருந்து வந்தது.

துணிக்கூடையில் ஒளித்த பிஸ்கட்

ஜீன் நைடெட்ச் 1923இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா டாக்ஸி ஓட்டினார். அம்மா அழகு நிலையத்தில் நகப்பூச்சு வேலை பார்த்தார். கல்லூரியில் சேர்ந்தும் அப்பா இறந்துபோனதால் படிப்பு நின்றது. கணவர் மார்ட்டி பஸ் ஓட்டுநர். இரண்டு பிள்ளைகள். குடும்பச் செலவுக்காக ஜீன் வீடு வீடாக முட்டை விற்றதும் உண்டு.

1961இல் அவர் எடை 214 பவுண்டு, அதாவது சுமார் 97 கிலோ. சூப்பர் மார்க்கெட்டில் எதிர்ப்பட்ட தெரிந்த பெண் ஒருவர், பார்க்க நன்றாக இருக்கிறாய், பிரசவம் எப்போது என்று விசாரித்தார். ஜீன் கர்ப்பமாக இல்லை. இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான மேடைகளில் அவர் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் போனதுதான் நகர சுகாதாரத் துறையின் கிளினிக். அங்கே கொடுத்த சீட்டை உருவாக்கியவர் டாக்டர் நார்மன் ஜாலிஃப். நகரின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், மாரடைப்பைத் தடுக்க எப்படிச் சாப்பிடுவது என்று ஆராய்ந்தவர். அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த பட்டினி டயட், மாத்திரை டயட் போல அல்லாமல், மூன்று வேளையும் சாப்பிடச் சொன்ன சீட்டு அது. பத்து வாரத்தில் ஜீன் 20 பவுண்டு குறைத்தார்.

சீட்டு நல்ல சீட்டுதான். ஆனாலும் ஜீனுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஆலோசனை சொன்ன பெண் ஒல்லியானவர். வந்திருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எடை பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஜீனிடம் ஒரு ரகசியம் இருந்தது. சாக்லேட் பூசிய பிஸ்கட் அவருடைய பலவீனம். அதைக் குளியலறையில் அழுக்குத் துணிக்கூடைக்குள் ஒளித்துவைத்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போய்ச் சாப்பிடுவார். டயட்டில் இருந்தபோதும் அது தொடர்ந்தது. கிளினிக்கில் அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் ஆறு தோழிகளுக்குப் போன் செய்தார். எல்லோரும் அவரைப் போலவே குண்டானவர்கள். வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்து, அந்தச் சீட்டைக் காட்டி, பிஸ்கட் கதையையும் சொல்லிவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் அறிவுரை சொல்லவும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஒளிவிடம் இருந்தது! அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள், இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த வரவேற்பறையில் நாற்பது பெண்கள். 1962 அக்டோபர் மாதக் கடைசியில் ஜீன் 142 பவுண்டுக்கு வந்துவிட்டார். மொத்தம் 72 பவுண்டு, சுமார் 33 கிலோ. மார்ட்டியும் இளைத்தார்.

அடுப்படியில் ஒரு தராசு

அவர்கள் என்னதான் சாப்பிட்டார்கள்? சாப்பிட்டது முழுக்க வீட்டுச் சாப்பாடு. வாரத்தில் ஐந்து தடவையாவது மீன். வாரம் ஒருமுறை ஈரல் கட்டாயம், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். தினமும் கொழுப்பு நீக்கிய பால் இரண்டு டம்ளர். பெண்களுக்கு ரொட்டி நாளுக்கு இரண்டு துண்டு. பழத்துக்கு அளவு உண்டு. முட்டைக்கோஸ், கீரை, காலிஃபிளவர் போன்ற காய்களுக்குக் கணக்கே இல்லை. பொரித்தது, கேக், மிட்டாய், மது எதுவும் கூடாது. முக்கியமாக, ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக்கூடாது. பட்டினி கிடப்பவர்தான் ராத்திரி அலமாரியைத் திறப்பார் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

இறைச்சியையும் மீனையும் தராசில் நிறுத்தே சமைக்க வேண்டும். அமெரிக்காவில் அதுவரை சமையலறைத் தராசு வைத்திருந்த வீடுகள் குறைவு. கண் அளவு ஏமாற்றும், தராசு ஏமாற்றாது என்பது விதி.

ஆனால் இப்படிச் சமைத்ததைக் குடும்பமும் சாப்பிட வேண்டுமே! இங்கேதான் கூட்டத்தின் பலன் தெரிந்தது. காலிஃபிளவரை வேகவைத்து மசித்தால் உருளைக்கிழங்கு மசியலுக்குப் பதிலாகப் பரிமாறலாம், எண்ணெய் விடாமல் நெருப்பில் வாட்டினால் மீன் நன்றாக இருக்கும் என்பது போன்ற குறிப்புகள் எந்த டாக்டரின் சீட்டிலும் இருக்காது. சமைத்துப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 1966இல் ஜீன் பெயரில் வந்த வெயிட் வாட்சர்ஸ் சமையல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எடை பார்ப்பது தனியாக நடக்கும். எண்ணை எல்லோர் முன்னாலும் கத்திச் சொல்லும் வழக்கம் இல்லை. குறைந்ததற்குக் கைதட்டல் உண்டு, கூடியதற்குப் பன்றிப் பாட்டு இல்லை.

சினிமா டிக்கெட் விலைக்கு ஒரு கூட்டம்

ஜீன் மற்ற ஊர்களுக்கும் போய்ப் பேச ஆரம்பித்தார். அப்படிப் பேசப்போன ஒரு வீடு ஆல் லிப்பர்ட், ஃபெலிஸ் லிப்பர்ட் தம்பதியின் வீடு. ஆல் ஆயத்த ஆடை வியாபாரத்தில் இருந்தவர். சில மாதங்களில் கணவனும் மனைவியும் ஆளுக்குச் சுமார் இருபது கிலோ குறைத்துவிட்டார்கள். இளைத்தபோதே ஆலின் வியாபார மூளையும் வேலை செய்தது. இதை ஏன் கம்பெனியாக்கக் கூடாது?

1963 மே மாதம் வெயிட் வாட்சர்ஸ் பதிவானது. முதல் பொதுக்கூட்டம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் லிட்டில் நெக் என்ற இடத்தில், ஒரு சினிமா தியேட்டருக்கு மேலே இருந்த அறையில். ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுமார் நானூறு பேர்! கட்டணம் இரண்டு டாலர், கிட்டத்தட்ட ஒரு சினிமா டிக்கெட் விலை.

அதன் பிறகு ஆல் லிப்பர்ட் செய்தது பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டிய விஷயம். அவர் ஃபிரான்சைஸ் முறையைக் கொண்டுவந்தார். மெக்டொனால்ட்ஸ் அப்போது அமெரிக்கா முழுக்கப் பரவிக்கொண்டிருந்த அதே முறைதான். ஆனால் ஒரு வித்தியாசம். மெக்டொனால்ட்ஸ் கடை எடுக்கப் பெரிய முதலீடு வேண்டும். வெயிட் வாட்சர்ஸ் கிளை எடுக்க முதலில் எடை குறைத்திருக்க வேண்டும்! கூட்டம் நடத்துபவரும் இதே முறையில் இளைத்தவராக இருக்க வேண்டும். நேற்றைய வாடிக்கையாளர் இன்றைய ஊழியர், நாளைய கிளை உரிமையாளர். வாடகைக்கு ஒரு அறை, சில நாற்காலி, ஒரு எடை இயந்திரம் இருந்தால் கடை திறந்தாயிற்று. வருமானத்தில் ஒரு பங்கு தலைமை நிறுவனத்துக்கு.

இல்லத்தரசிகள் பலருக்கு அவர்கள் வாழ்க்கையின் முதல் சம்பளம் இங்கே கிடைத்தது. படிப்பும் சிபாரிசும் இல்லாத பெண்களுக்கு, தாங்கள் வெட்கப்பட்ட விஷயமே தகுதிச் சான்றிதழ் ஆனது. இந்த வரலாற்றில் இது அதிகம் பேசப்படாத பக்கம்.

1968இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. 1973இல் பத்தாம் ஆண்டு விழாவை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கொண்டாடினார்கள். அதே ஆண்டு ஜீன் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

இப்போது அந்த ஏழு கோடி டாலர் கேள்விக்கு வரலாம். கணக்குப்பதிவியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் நிறுவனத்தை விற்கும்போது விலையில் சேரும். 1978இல் ஹைன்ஸ் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி அதற்குத்தான் என்று சொல்லலாம். இதில் விசித்திரம், அந்த நற்பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் கட்டணம் கட்டி வந்த வாடிக்கையாளர்கள். கூட்டத்துக்கு வந்து ஒருவர் சொன்ன கதையும், பக்கத்து நாற்காலிக்காரர் கொடுத்த தைரியமுமே சரக்கு. அதைத் தயாரித்தவர்களே காசு கொடுத்து வாங்கிப்போனார்கள்.

அது தப்பா? ஒரே மாதிரி தேவையிலிருந்து மூன்று வித அமைப்புகள் வந்ததைப் பார்த்தால் யோசிக்கத் தோன்றும். டாப்ஸ் லாபநோக்கமில்லாத கிளப்பாகவே நின்றது. 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் கட்டணமே வாங்கவில்லை, விருப்பப்பட்டவர் போடும் காசில் நடந்தது. ஆனால் மற்ற இரண்டையும்விட அதிக ஊர்களில், அதிக பேருக்குத் தெரிந்த பெயராக ஆனது காசு வாங்கிய வெயிட் வாட்சர்ஸ்தான். லாபம் ஒரு நல்ல யோசனையை உலகம் முழுக்கக் கொண்டுபோகும். பிறகு அந்த யோசனையை என்ன செய்யும் என்பது வேறு விஷயம்.

தராசு போய்ப் பெட்டி வந்தது

ஹைன்ஸ் ஒரு உணவு நிறுவனம். அதன் கண்ணுக்கு, வாராவாரம் கூட்டத்துக்கு வரும் லட்சக்கணக்கான பெண்கள் எல்லோரும் சாப்பாடு வாங்கக்கூடியவர்கள். வெயிட் வாட்சர்ஸ் பெயர் போட்டு உறைய வைத்த சாப்பாடு தயாரித்த நிறுவனத்தையும் ஹைன்ஸ் அதே சமயத்தில் வாங்கியது. 1980களில் அந்தப் பெட்டிகள் சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டிகளை நிறைத்தன. மீனை நிறுத்து, வாட்டி, காலிஃபிளவர் மசித்து நடந்த காரியம், இப்போது மைக்ரோவேவில் சில நிமிடம்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் ஆரம்பத்தில் தன் அடுப்படியைத் தானே ஆளக் கற்றுக்கொடுத்த இயக்கம், கடைசியில் அடுப்பையே பற்றவைக்க வேண்டாம் என்றது.

ஹைன்ஸ் வாங்கிய அதே 1978இல் லண்டனில் சூசி ஓர்பாக் என்ற உளவியல் சிகிச்சையாளர், பெண்ணியப் பார்வையில் உடல் பருமனைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்தது. பெண்களை ஓயாமல் டயட்டில் வைத்திருப்பதே ஒரு சிக்கல், பிரச்சினை எடையில் மட்டும் இல்லை, பெண் உடம்பைப் பார்க்கும் சமூகத்தின் கண்ணிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால் அவரும் இந்த முடிவுக்குப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பேசிய அனுபவத்திலிருந்துதான் வந்தார். ஒரே வட்டமான நாற்காலிகள், வேறு பதில்!

விமர்சகர்கள் கேட்ட இன்னொரு கேள்வி வணிகம் சம்பந்தப்பட்டது. குறைத்த எடை மறுபடி கூடினால் வாடிக்கையாளர் திரும்பி வருவார், மறுபடி கட்டணம் கட்டுவார். எல்லோரும் நிரந்தரமாக இளைத்துவிட்டால் கம்பெனி என்ன ஆகும்? நோயாளி குணமானால் டாக்டருக்கு நஷ்டம் என்ற பழைய கிண்டல்தான், ஆனால் இங்கே கொஞ்சம் பொருந்துகிறது.

நிஜமாகவே பலன் உண்டா?

இதற்கு ஊகம் வேண்டாம், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்த ஆய்வில் 423 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஊட்டச்சத்து நிபுணரோடு 20 நிமிட ஆலோசனை இரண்டு தடவை, பிறகு தாங்களாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொரு பிரிவு வெயிட் வாட்சர்ஸுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்துத் தனியாக முயன்றவர்கள் குறைத்தது சராசரியாக 0.2 கிலோ. அமைப்பில் சேர்ந்தவர்கள் குறைத்தது 2.9 கிலோ.

2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 772 பேரை வைத்து நடந்தது. ஒரு வருடத்தில் வழக்கமான மருத்துவ ஆலோசனை பெற்றவர்கள் சுமார் 2 கிலோவும், வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 5 கிலோவும் குறைத்தார்கள். இரண்டு ஆய்வுக்கும் அந்த நிறுவனம் பணம் கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த எண்களை இரண்டு விதமாகப் பார்க்கலாம். இரண்டு வருடம் வாராவாரம் போய் மூன்று கிலோதானா என்று கேட்கலாம். விளம்பரத்தில் வரும் முன்-பின் படங்களைப் பார்த்து ஏமாறாமல் இருக்க அது உதவும். ஆனால் கையில் ஆலோசனை மட்டும் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட எதுவுமே நடக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1961இல் அந்த கிளினிக்கில் ஜீனுக்குத் தோன்றியதை நாற்பது வருடம் கழித்து எண்ணாகப் போட்டுக் காட்டியது போல இருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு

1999இல் ஹைன்ஸ் இந்த நிறுவனத்தை ஆர்ட்டால் என்ற ஐரோப்பிய முதலீட்டு நிறுவனத்துக்கு 73 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியதைவிடப் பத்து மடங்கு. 2015இல் தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரே சுமார் 4 கோடியே 30 லட்சம் டாலருக்குப் பத்து சதவீதப் பங்கு வாங்கியபோது பங்கு விலை ஒரே நாளில் இரட்டிப்புக்கு மேல் ஆனது. 2018இல் பெயரில் எடை என்ற சொல்லே இருக்க வேண்டாம் என்று வெறும் இரண்டு எழுத்தாகச் சுருக்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே கூட்டத்தை விட்டுச் செயலிக்கு மாறியவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 2020இல் கொரோனா வந்து நேரடிக் கூட்டங்களை நிறுத்தியது. அதன் பிறகு பல மையங்கள் திறக்கப்படவே இல்லை.

அடுத்த அடி மருந்துக் கடையிலிருந்து வந்தது. 2021இல் அமெரிக்காவில் வெகோவி என்ற ஊசிக்கு உடல் பருமனுக்கான அனுமதி கிடைத்தது. பசியையே குறைக்கும் மருந்து. மருத்துவ சோதனைகளில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் வரை குறைந்தது. எந்தக் கூட்டமும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததில்லை. வெயிட் வாட்சர்ஸே 2023இல் இந்த ஊசிகளை இணையம் வழியாக எழுதிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தை வாங்கியது. ஆனாலும் கடன் சுமை தாங்கவில்லை. 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. சுமார் 115 கோடி டாலர் கடன் நீக்கப்பட்டு, அடுத்த மாதமே கடன் கொடுத்தவர்கள் கைக்குப் பெரும்பகுதி பங்கு போன நிலையில் வெளியே வந்தது.

ஜீன் நைடெட்ச் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1978 விற்பனையில் அவருக்குச் சுமார் 70 லட்சம் டாலர் கிடைத்தது. அதில் கணிசமான பணம் மாணவர்களின் உதவித்தொகைக்குப் போனது. ஃபுளோரிடாவில் முதியோர் குடியிருப்பில் எளிமையாக வாழ்ந்து, 2015 ஏப்ரலில் தன் 91ஆம் வயதில் இறந்தார். 1962இல் குறைத்த எடையைக் கடைசிவரை பெரிதாக ஏறவிடவில்லை.

ஊசி வந்துவிட்டதே, இனி கூட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மருந்து பசியை அடக்கும், அதை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்பி வருகிறது என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. ராத்திரியில் ஒளித்துச் சாப்பிடுவதை வெட்கமில்லாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்ற தேவைக்கு அதில் பதில் இல்லை. அளவாக வீட்டில் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது 1918இலேயே அச்சாகிவிட்டது. அந்த அறிவுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் இருந்தது கேட்கும் காதுக்குத்தான். அதற்குத்தான் இரண்டு டாலர் கொடுத்து நானூறு பேர் ஐம்பது நாற்காலி இருந்த அறையில் வந்து நின்றார்கள்.

பல கோடி டாலர் கைமாறிய கம்பெனி நீதிமன்றப் படி ஏறி இறங்கியிருக்கிறது. எஸ்தர் மான்ஸ் மூன்று தோழிகளோடு ஆரம்பித்த டாப்ஸ் இன்றும் மில்வாக்கியைத் தலைமையிடமாக வைத்து நடக்கிறது. கிளைகளை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். பன்றிப் பாட்டை மட்டும் விட்டுவிட்டார்கள்.